செல்லாயி மறைத்த ரத்தம்

ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைகளின் காலடியில் கிடந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு ரகசியம் கூலிக்காரர் குடியிருப்பின் முதல் லயத்திலிருந்து கடைசி லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளையும் பெற்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் செல்லாயி தன் உடம்பிலிருந்து போன ரத்தத்தைத் தைப்பூசத்திலிருந்து ஆடி வரைக்கும் ஒளித்து வைத்தாள். சாமர்த்தியக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று புருஷனே கேலி பேசுகிற அளவுக்கு அடக்கமான பெண்பிள்ளை. அவள் சொன்ன பொய் அந்த இடத்துக்கு அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் ரத்தம் வந்தது நிரையில். ஆளுக்கு இன்ன மரங்கள் என்று கங்காணி பிரித்துக் கொடுக்கிற வரிசைதான் நிரை. காலையில் பால் வெட்டிக்கொண்டே போனவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. புதருக்குள் உட்கார்ந்து எழுந்தவள், காய்ந்த இலைமேல் சிவப்பைப் பார்த்தாள். எவளோ வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த எவளோ ஒருத்தி, செல்லாயி போகிற புதருக்கெல்லாம் முன்கூட்டியே போய்த் துப்பிவைத்திருக்க முடியாது என்பது மனசுக்கு எட்டச் சில நாள் ஆயிற்று.

பிறகு சேலையில் கறை. அதை முதலில் பார்த்தவள் இருளாயி. செல்லாயியின் புருஷன் மாயாண்டிக்கு அக்கா, பக்கத்து நிரைக்காரி. இருளாயியின் குரலைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. ஒருநாள் விடியும் முன்னே நிரைக்குள் ஒரு புலி படுத்துக் கிடந்ததாம். மங்கலில் சரியாகத் தெரியாமல், "எவன் வீட்டு நாய்டா இது?" என்று இருளாயி ஓர் அதட்டுப் போட்டாளாம். புலி எழுந்து, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு மலைப்பக்கம் போனதுதானாம், அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் புலியே இல்லையாம். அந்தக் குரல் செல்லாயியின் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"ஏண்டி, தூரமா?"

மாதவிடாய்க்கு லயத்தில் வீட்டுக்குத் தூரம் என்றுதான் பேர். செல்லாயிக்கு நாற்பது தாண்டி, அது நின்று போயிருந்தது. இருளாயிக்கும் அது தெரியும். ஆனாலும் செல்லாயியின் தலை தானாக ஆடியது.

"ஆமா மதினி."

"நின்னு போச்சுன்னியே?"

"திரும்பி வந்துருச்சு."

"போன ரயிலுல்ல திரும்பி வந்திருக்கு! என் தம்பிக்கு வாலிபம் வந்துருச்சோ என்னமோ. அவன் மண்டையப் பாத்தா அப்படித் தெரியலியே!"

நிரை முழுக்கச் சிரித்தது. செல்லாயியும் சிரித்தாள். பொய் அங்கேயே வேர் விட்டுவிட்டது. அந்த ரத்தத்துக்கு ஒரு பெயர் இருந்தது, உட்கார ஓர் இடம் இருந்தது, துணி அலச ஆற்றில் தனித் துறை இருந்தது. பெண்கள் தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள், ஆண்கள் கேட்கவே மாட்டார்கள். மற்றதற்கு என்ன இருந்தது? வெளிக்குப் போகிற வழியில் ரத்தம் போகிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் காட்டு என்பார்கள். காட்டுவதற்கு முன்னால் செத்துப் போகலாம்.

லயத்து வீட்டுப் பின்பக்கம், விறகு அடுக்குகிற இறவாரத்தடியில் ஒரு பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. அடுப்பைத் தொடக் கூடாது, சாமி படத்தின் பக்கம் போகக் கூடாது, யார் மேலும் படக் கூடாது. எல்லாப் பெண்களும் அங்கே உட்கார்ந்து எழுந்து தலை முழுகி உள்ளே போனார்கள். செல்லாயி முழுகி உள்ளே போன சூட்டோடு மறுபடி கறை, மறுபடி பாய். மாயாண்டி தானே கஞ்சி காய்ச்சப் பழகினான். பெண்கள் கூடிப் பேசி, இது நிற்காமல் போகிற பெரும்பாடு என்று முடிவு கட்டினார்கள். ஒருத்தி வாழைப்பூவை இடித்துச் சாறு கொடுத்தாள், ஒருத்தி அத்திப்பட்டையைக் காய்ச்சினாள். செல்லாயி எல்லாவற்றையும் குடித்தாள். அப்படியாவது நிற்காதா என்ற ஆசை.

மாயாண்டி புகைவீட்டில் ரப்பர் தாள் காயவைக்கிறவன். உடம்பும் பேச்சும் புகை மாதிரி மெலிந்தவன். அவன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே தோட்டத்து வைத்தியம் பார்க்கிற டிரெசர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர்.

"மனுசிக்கு என்ன வருத்தம்?"

"பொம்பள சமாச்சாரம்ங்கய்யா."

"ரத்தம் கூடப் போகுதோ? கூட்டிக்கொண்டு வாவன்."

"தூரமா இருக்காங்கய்யா. எப்படிங்க அவள உள்ள...?"

"அதுவும் சரிதான்," என்று டிரெசர் பெண்களுக்கான மருந்தை எடுத்து நீட்டினார். இல்லாத நோய்க்கு வந்த மருந்தை அவள் வேளை தவறாமல் குடித்தாள். இருந்த நோய் சாவகாசமாக வளர்ந்தது.

ஒருநாள் ஆற்றில் கழுவும்போது கையில் தட்டுப்பட்டது. நாவல்பழம் அளவுக்கு ஒரு கட்டி. உள்ளே தள்ளினால் போயிற்று, முக்கினால் வந்தது. மூலம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். அப்புறம் தள்ளினாலும் போகவில்லை. உட்கார்ந்தால் உயிர் போனது. இன்னும் ஏதோ உள்ளே நிற்கிற மாதிரி எந்நேரமும் முட்டியது. போய் உட்கார்ந்தால் ரத்தம்தான். கன்னம் ஒட்டியது, ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. பால் வாளியைத் தூக்கும்போது கண் இருட்டியது. பெற்ற இரண்டையும் காட்டுக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அதுகள் போன பாதை இவ்வளவு நீளமாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாயாண்டி சாப்பிடுகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் இவள். தொடவும் ஆள் இல்லை, உற்றுப் பார்க்கவும் ஆள் இல்லை. ஒரு சாயங்காலம் துணிந்துவிட்டாள்.

"ஏங்க."

"என்ன புள்ள?"

"எனக்கு வந்து..."

"சொல்லு."

"கஞ்சியில உப்புப் போட்டீங்களா?"

"போட்டேனே. தூக்கலா இருக்கா?"

"சரியா இருக்கு."

ஆளிடம் சொல்ல முடியாததை மாரியம்மனிடம் சொன்னாள். ஆடித் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன், இதை எடுத்துவிடு ஆத்தா என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லிவிட்டதால், அதற்குள் நின்றுவிடும் என்று நம்பி மாயாண்டி மஞ்சள் சேலைகூட வாங்கி வந்துவிட்டான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தூரமாக இருக்கிறவள் குடம் தொடக் கூடாது. தூரமில்லை என்பது அவளுக்கும் ஆத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

திருவிழா அன்று துணியை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுத் துறைக்குப் போனாள். உறுமி முழங்கியது. மஞ்சள் சேலைக்காரிகள் வரிசையாக நின்றார்கள். குடத்தைத் தலையில் ஏற்றியதும் இடுப்புக்குக் கீழே சூடாக இறங்குவது தெரிந்தது. பின்னால் நின்றவள் ஐயோ என்று விலக, வரிசையே கலைந்தது. பூசாரி சன்னாசி வேப்பிலைக் கொத்தோடு ஓடிவந்தான்.

"மாயாண்டி பொஞ்சாதி! நீ தூரம்னு தோட்டத்துக்கே தெரியுமே. ஆத்தா குடத்தத் தொடலாமா?"

"நான் தூரமில்லண்ணே."

"சேலையப் பாரு, சேலையப் பாரு!" என்று ஒருத்தி கூவினாள். "இப்படி எவளோ வந்துதான் முன்ன ஒரு வருசம் வாந்திபேதி வந்து சனம் செத்துச்சு!"

உறுமி நின்றுவிட்டது. ஆண்கள் எங்கோ பார்த்தார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று பேர் வாங்கியவள் அப்போது போட்ட சத்தத்தில் மூங்கிலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

"இது அந்த ரத்தமில்ல! பின்னாடி வர்ற ரத்தம்! வெளிக்கிப் போற எடத்துல வருது! தைப்பூசத்துலேருந்து வருது! எனக்கு நின்னது நின்னதுதான். பொய் சொன்னேன். போதுமா? எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?"

சன்னாசி திணறிப் போனான். எந்த ரத்தம் தீட்டு என்று அவனுக்குத் தெரியும். இது தீட்டா இல்லையா என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் யோசித்து முடிக்கும் முன் இருளாயி வந்தாள். செல்லாயியின் தலையிலிருந்த குடத்தை இறக்கி அவன் கையில் திணித்தாள்.

"நீயே கொண்டு போய் ஊத்து. ஆத்தாகிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்."

செல்லாயியை மூங்கில் புதருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"குனிடி."

"வேணாம் மதினி. மானம் போகுது."

"மானம் ஆத்துத் தண்ணியோட கடல் வரைக்கும் போயிருச்சு. குனி."

குனிந்தாள். பின்னால் சத்தமே இல்லை. இருளாயி பேசாமல் இருந்து அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை.

"மதினி? மூலந்தானே?"

"மூலம் செவப்பா இருக்கும்டி. எங்கப்பனுக்குப் பாத்திருக்கேன்." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "இது கருப்பா இருக்கு. அடுப்புக் கரி மாதிரி."

மறுநாள் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைக் குப்புறப் படுக்கவைத்து மாயாண்டியும் இருளாயியும் ஈப்போ டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி. அவள் பேச்சைத் தமிழில் சொல்ல அகதா என்ற நர்ஸ், ஈப்போவிலேயே பிறந்த வேதக்காரப் பெண். ஆம்பிளை டாக்டராக இருந்தால் எழுந்து ஓடிவிடுவது என்று வைக்கோலில் படுத்தபடியே தீர்மானித்திருந்தாள் செல்லாயி. ஓட வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தாள், விரலை விட்டுப் பார்த்தாள். தொடை இடுக்குகளை அமுக்கிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"புத்துநோய்ங்க அக்கா," என்றாள் அகதா. "அதுலயும் கருப்புப் புத்து. செருப்பில்லாம நடக்கிறவங்களுக்கு உள்ளங்கால்ல வந்து பாத்திருக்காங்களாம். இந்த எடத்துல வந்து ஒருத்தரையும் பாத்ததில்லையாம்."

"பெருமை இவளுக்குத்தானாக்கும்," என்றாள் இருளாயி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன செய்வாக?" என்று கேட்டான் மாயாண்டி.

அகதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதலில் வயிற்றில் ஒரு வழி திறப்பார்கள். குடலை அங்கே கொண்டுவந்து தைப்பார்கள். வெளிக்கு இனி அந்த வழியாகத்தான் போகும். அது ஆறியதும் கட்டியோடு கீழ் வழியையே எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள்.

"எம்புட்டு நாளைக்கு அப்படி?"

"எப்பவும்."

செல்லாயி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "செஞ்சா பொழைப்பேனா?"

அகதா கேட்டாள். டாக்டரம்மா துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். சொன்னது நீளமாக இருந்தது.

"அது தெரியாதுங்கிறாங்க. செய்யலேன்னா என்ன ஆகும்ங்கிறது தெரியுமாம்."

அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்தார்கள். வார்டு ஜன்னலுக்கு வெளியே ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் சில நாள் தள்ளி உட்காருவதற்கே மனசு புண்ணாகிக் கிடந்தது. இனி வயிற்றிலேயே நாற்றத்தைக் கட்டிக்கொண்டு வாழ்வதா? எந்த அடுப்பைத் தொட விடுவார்கள்? எந்தக் கல்யாணத்தில் பக்கத்தில் இலை போடுவார்கள்? சாயங்காலம் மாயாண்டி வந்ததும் சொன்னாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. முழுசாச் சாவுறேன்."

மாயாண்டி அழுதான். அழுதபடியே அவள் செம்பையும் துணியையும் மூட்டை கட்ட ஆரம்பித்தான். அவள் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லை. இருளாயி மூட்டையைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள்.

"முழுசாச் சாவுறாளாம்! இப்ப முழுசாவா இருக்க? ஒண்ணேகால் எலும்பு இருக்கு. எல்லாரும் தள்ளி உக்காருவாங்கன்னு பயமா? இந்த வருசம் பூரா நீதான தள்ளி உக்காந்த, எங்கள்ல யாரடி கேட்ட? பாயத் தூக்கிக்கிட்டு நீயா போன. இப்ப நான் சொல்றேன், இங்கனயே உக்காரு."

"மதினி, பயமா இருக்கு."

"எனக்கு இல்லியாக்கும்?" என்றாள் புலியை விரட்டியவள்.

முதல் அறுவைக்கு மூக்கில் துணியை வைத்து மருந்து சொட்டினார்கள். தித்திப்பும் நாற்றமும் கலந்த வாடை. கண் விழித்தபோது வயிற்றின் இடப்பக்கம் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கட்டுப் பிரித்த நாளில் அகதா தலையணையை உயர்த்திக் காட்டினாள். ஈரமாய், சிவப்பாய், சின்னக் குழந்தை வாயைக் குவித்த மாதிரி ஒன்று. செல்லாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா வந்து குனிந்த நேரம் பார்த்து அது நீளமாக ஒரு சத்தம் விட்டது. செல்லாயிக்கு உயிர் கூசியது. டாக்டரம்மாவோ கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டாள்.

"வேலை செய்யுதாம், நல்லதாம்," என்றாள் அகதா.

"நாம விட்டா அடிதடி, அது விட்டா சந்தோசமாக்கும்," என்றாள் இருளாயி.

இரண்டாவது அறுவைக்கு அப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை. கீழே குடைந்து எடுத்த இடத்தில் துணியை அடைத்திருந்தார்கள். அதை மாற்றுகிறபோதெல்லாம் செல்லாயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயையும் தன்னைப் பிழைக்க வைக்கிற டாக்டரம்மாவையும் ஒரே மூச்சில் திட்டினாள். காய்ச்சல் ஏறியது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் செல்லாயி, நாளைக்கு எனக்கும் இந்தப் போர்வைதான் என்று நிம்மதியாகக் காத்துக்கொண்டிருந்தாள். போர்வை வரவில்லை. மறுபடி துணி மாற்றத்தான் வந்தார்கள். காய்ச்சல் ஏறி ஏறி இறங்கி, ஒருவழியாக அலுத்துப்போய் அவளை விட்டது.

அகதா அவளுக்கு வயிற்றுத் திறப்பில் குழாய் வைத்துக் காலையில் தண்ணீர் ஏற்றி வயிற்றைக் கழுவிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். துணி மடித்து வைத்து இடுப்பில் பட்டை கட்டச் சொல்லிக்கொடுத்தாள். புறப்படுகிற நாளில் டாக்டரம்மா செல்லாயியின் கையை எடுத்து அவள் தொடை இடுக்கில் வைத்து அமுக்கிக் காட்டினாள்.

"இங்க நெறி கட்டுனா உடனே வரணுமாம்," என்றாள் அகதா. "புத்து திரும்பி வந்தா இங்கதான் முதல்ல காட்டுமாம்."

அவள் தோட்டத்துக்குத் திரும்பும் முன்பே இருளாயியின் கதை லயம் முழுக்கப் பரவியிருந்தது. வெள்ளைக்காரி உள்ளே வெள்ளித் தகடு வைத்துத் தைத்திருக்கிறாளாம், எடுத்த கட்டி கண்ணாடிப் புட்டிக்குள் கிடந்து எல்லோரையும் முறைக்கிறதாம், அதைப் பார்க்கச் சீமையிலிருந்து கப்பலில் ஆள் வருகிறதாம். பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள். வெள்ளித் தகட்டுக்கு மரியாதையா, வேறு காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

செல்லாயி வீட்டுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாயைத் தேடினாள்.

"எங்க போற?" என்றான் மாயாண்டி.

"பழக்கம்."

"உள்ள வா."

"சாமி படம் இருக்கு."

மாயாண்டி யோசித்தான். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. "பிடிக்கலேன்னா சாமி அந்தப் பக்கம் திரும்பிக்கிடட்டும்," என்று பாயை உள்ளே இழுத்துப் போட்டான்.

அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் முதல் வேலை குழாய். இரண்டாவது, தொடை இடுக்கை அமுக்கிப் பார்ப்பது. ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் அன்றைய பொழுது அவளுடையது. முள்ளும் சிரங்குமான காலோடு அவள் மறுபடி நிரைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் விரலுக்குக் கீழே அது இருந்தது. வலப்பக்கம், புளியங்கொட்டை அளவு. அமுக்கிப் பார்த்தாள். விட்டுவிட்டு மறுபடி பார்த்தாள். இருந்தது.

அன்றைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், துரை குதிரைமேல் இருக்க, கங்காணி பேர் கூப்பிட, சனம் முழுக்க வாளியோடு நின்றுகொண்டிருக்க, செல்லாயி தன் பேர் வந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்லவில்லை.

"எனக்குத் தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு!" என்று கத்தினாள். "புத்து திரும்பியிருந்தாலும் இருக்கும். இப்பவே ஈப்போ போகணும். வண்டி வேணும்!"

ஆண்கள் மறுபடி எங்கோ பார்த்தார்கள். துரை என்னவென்று கேட்க, கங்காணி எந்தச் சொல்லில் சொல்வது என்று தெரியாமல் தன் தொடையைத் தொட்டுக் காட்டிவிட்டு வெட்கத்தில் செத்தான். வண்டி வந்தது, இருளாயியும் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் அமுக்கினாள். காலைத் தூக்கச் சொன்னாள். குதிகாலில் முள் குத்திச் சீழ் பிடித்துக் கிடந்ததைக் கண்டு அதையும் பார்த்தாள்.

"கால் புண்ணுக்கும் இப்படி நெறி கட்டலாமாம்," என்றாள் அகதா. "புத்தாவும் இருக்கலாமாம். புண்ண ஆத்திட்டுப் பாக்கணும். நெறி கரைஞ்சா புண்ணு. கரையலேன்னா..."

"சொல்லாத. தெரியும்," என்றாள் இருளாயி.

வார்டில் போட்டார்கள். காலைக் கழுவிக் கட்டினார்கள். செல்லாயி சோறு இறங்காமல் கிடந்தாள். அமுக்கிப் பார்க்காதே, அமுக்கினால் வீங்கும் என்று அகதா கையைத் தட்டிவிட்டாள். இருளாயி ராத்தங்கி, கட்டிலோரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அன்பினாலா, காவலுக்கா என்று செல்லாயிக்குப் புரியவில்லை. பச்சைத் தண்ணீர்ப் பள்ளங்கள் ஜன்னலுக்கு வெளியே அப்படியே கிடந்தன. இந்த முறை அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாக வேண்டாம் என்று முதல் தடவையாக அவ்வளவு தெளிவாகத் தோன்றியது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சில நாள் கழித்துக் கட்டுப் பிரித்து, புண் காய்ந்திருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா வந்தாள். செல்லாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குளிர்ந்த விரல்கள் வலப்பக்கம் அமுக்கின, நகர்ந்து அமுக்கின, இடப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தன.

"காணோம்ங்கிறாங்க அக்கா," என்றாள் அகதா. "கரைஞ்சிருச்சு. புண்ணுதான்."

செல்லாயி அசையவில்லை.

"ஏண்டி, எந்திரி," என்றாள் இருளாயி. குரல் உடைந்திருந்தது, கேட்டிருந்தால் ஓடிப்போன புலி திரும்பி வந்திருக்கும். "அடுத்தவ படுக்கக் காத்துக்கிட்டு நிக்கிறா."

"மதினி."

"என்ன?"

"இன்னொருக்கா அமுக்கிப் பாக்கச் சொல்லு."

அகதா சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து, இன்னொரு முறை, முன்னைவிட ஆழமாக அமுக்கிப் பார்த்தாள்.